படத்தின் எண்ணைக் கையால் தட்டாதீர்கள்

நேற்று இரவு பதினோரு மணிக்கு ஒரு ஆய்வு மாணவி அழைத்தாள். கோயில் சிற்பங்கள் பற்றிய ஆய்வேடு, 61 படங்கள், திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். "அக்கா, எட்டாவது படத்துக்கு அப்புறம் ஒரு கல்வெட்டுப் படம் சேர்க்கச் சொல்லிட்டாங்க. நம்பர் எல்லாம் போச்சு" என்றாள். குரல் உடைந்திருந்தது.

எண்களையெல்லாம் அவள் கையால் தட்டியிருந்தாள். புதுப்படம் 9 ஆனதும், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் 'படம் 9' என்பதை 'படம் 10' ஆக்கினாள். பிறகு 10-ஐ 11 ஆக்கினாள், 11-ஐ 12, 12-ஐ 13. நான்கே முறைதான். ஐந்து வெவ்வேறு சிற்பங்கள் 'படம் 13' ஆகிவிட்டன. சேமித்து மூடியும் விட்டாள். கடைசி எண்ணில் தொடங்கிப் பின்னோக்கி வந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்த வேலையே அவளுக்குத் தேவையில்லாதது.

வேர்டில் 'ரெஃபரன்சஸ்' பகுதியில் 'இன்சர்ட் கேப்ஷன்' இருக்கிறது. அதன் வழியாகப் படக்குறிப்பு போட்டால், எண் இருக்குமிடத்தில் ஒரு ஃபீல்டு, அதாவது வேர்டே கணக்கிட்டு நிரப்பும் இடம், உட்கார்கிறது. இது எத்தனையாவது படம் என்று அதுவே எண்ணிக்கொள்ளும். 'நியூ லேபிள்' கொடுத்து 'படம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். அப்புறம் கட்டுரைக்குள் 'படம் 9' என்று வரவேண்டிய இடத்தில் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' போட்டு, 'ஒன்லி லேபிள் அண்ட் நம்பர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேர்டு அந்தப் படக்குறிப்பின் 'படம் 9' என்ற பகுதியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத புக்மார்க் ஒன்றை, அதாவது பெயரிட்ட அடையாளக் குறியை, வைத்துவிடும். கட்டுரையில் நாம் பார்ப்பது அந்த புக்மார்க்குக்குள் இருப்பதன் நகல்தான். ஆல்ட், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், உள்ளே இருப்பது தெரியும்.

நகல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நடுவில் படம் சேர்த்ததும் படக்குறிப்பு எண்கள் மாறிவிடும், கட்டுரைக்குள் பழைய எண்ணே நிற்கும். கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்து எஃப்9 தட்ட வேண்டும். அடிக்குறிப்பிலும் டெக்ஸ்ட் பாக்ஸிலும் இருப்பவை அந்தத் தேர்வில் வராது, அங்கங்கே போய்த் தனியாகத் தட்ட வேண்டும். அதனால்தான் படங்களை ஒரு எழுத்தைப் போல வரியோடு வரியாக ('இன் லைன் வித் டெக்ஸ்ட்') வைக்கச் சொல்கிறேன். மிதக்கும் படத்துக்குக் குறிப்பு போட்டால் அது டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் போய்விடும்.

இன்னொன்று, படக்குறிப்பை இடம் மாற்றும்போது கட் செய்து ஒட்டுங்கள். காப்பி செய்து ஒட்டிவிட்டுப் பழையதை அழித்தால், புக்மார்க்கும் பழையதோடு போய்விடும். அடுத்த முறை எஃப்9 தட்டும்போது அந்த இடத்தில் 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று தடித்த எழுத்தில் நிற்கும். அச்சிட்டு பைண்டிங் செய்த ஆய்வேட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். நான்கைந்து வருட உழைப்பின் நடுவே அந்த வரியைப் பார்க்க மனசு வலிக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மேலும் ஒரு சிக்கல். 'படம் 9-இல்', 'படம் 9-ஐ' என்று உருபை ஃபீல்டுக்கு வெளியே ஒட்டினால் எண் மாறினாலும் உருபு பிழைக்கும். ஆனால் '9ஆம் படத்தில்' என்று இயல்பான தமிழில் எழுத எண் மட்டும் வேண்டும். வேர்டு படக்குறிப்புக்கு அந்த வாய்ப்பைத் தருவதில்லை. எண்ணை மட்டும் தேர்ந்து நாமே புக்மார்க் வைத்து, அதற்கு கிராஸ் ரெஃபரன்ஸ் போட வேண்டியிருக்கிறது. வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் எண்ணை மட்டும் எடுக்கும் வசதி நேரடியாகவே உண்டு. ஹங்கேரிய மொழியில் அடுத்து வரும் ஒலியைப் பொறுத்து, ஆங்கிலத்தின் 'தி' போன்ற முன்சொல் மாறும் என்பதற்காக, அதற்கென்றே தனி வடிவங்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். தமிழின் சொல்லமைப்புக்கும் இப்படி யோசித்துச் செய்யுங்கள் என்று நாம் கேட்க வேண்டும், கேட்கலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்ட மாணவர் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க் முடிக்க வேண்டும். அதில் ஒரே ஒரு மதிய வகுப்பை இதற்குக் கொடுங்கள் என்று நெறியாளர்களைக் கேட்கிறேன். முதல் வருடத்திலேயே கொடுங்கள், சமர்ப்பிக்கும் வாரத்தில் வேண்டாம்.

அந்தத் தங்கையின் கோப்பை வாங்கி, 62 படக்குறிப்புகளையும் கேப்ஷனாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது 40 முடிந்திருக்கிறது.