மூடப்போகும் ஏபிஐக்குத்தான் நல்ல டாக்குமெண்டேஷன் வேண்டும்

ஒரு ஏபிஐயை (ஒரு புரோகிராம் இன்னொன்றை வேலை வாங்கும் வழி) டெப்ரிகேட் செய்வது, அதாவது ‘இதைச் சீக்கிரம் மூடிவிடுவோம்’ என்று அறிவிப்பது என்றால் நம் சாஃப்ட்வேர் துறையில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டாக்குமெண்டேஷனில் அதன் பெயருக்கு மேல் ஒரு மஞ்சள் பட்டை, ‘இனி பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி. டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். படிப்பவர் மனிதராக இருந்தவரை இது ஒப்பேறியது. எடிட்டரில் பெயர்மேல் அடித்தல் கோடு விழுந்திருந்தால் பக்கத்து சீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். தானே புரோகிராம் எழுதியும் டூல்களை அழைத்தும் வேலையை முடிக்கும் ஏஐ ஏஜெண்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது. கையில் கொடுத்த எழுத்தையும், பயிற்சியில் படித்த பழைய ஞாபகத்தையும் வைத்தே முடிவெடுக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: புது ஏபிஐக்கு எழுதுவதைவிட, மூடப்போகும் ஏபிஐக்கு எழுதுவதில்தான் இப்போது அதிகம் மெனக்கெட வேண்டும்.

பைத்தானில் தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். டேட்டாஃப்ரேமில், அதாவது அதன் அட்டவணையில், வரிசை சேர்க்க ‘அப்பெண்ட்’ என்று ஒரு மெத்தட் இருந்தது. 2022 ஜனவரியில் 1.4 பதிப்பில் டெப்ரிகேட் செய்தார்கள்; 2023 ஏப்ரலில் 2.0 வந்தபோது எடுத்தே விட்டார்கள். மாற்று ‘கான்கேட்’. ஆனால் அதுவரை இணையத்தில் குவிந்த பாடங்களிலும் கேள்வி பதில்களிலும் அப்பெண்ட்தான். ஏஜெண்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல்கள் படித்து வளர்ந்ததும் அதைத்தான். ஏஜெண்ட் பழக்கதோஷத்தில் அப்பெண்ட் என்று எழுதி ஓட்டும். ‘டேட்டாஃப்ரேமுக்கு அப்பெண்ட் என்ற ஆட்ரிபியூட் இல்லை’ என்று எரர் வரும். அதுவரை சரி. அப்புறம் பைத்தான், உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு வால் சேர்க்கும்: ‘அண்டர்ஸ்கோர் அப்பெண்டையா சொன்னீர்கள்?’ பெயர் பிசகினால் அருகில் உள்ள பெயரை எடுத்துக்கொடுக்கும் வசதி 3.10 பதிப்பில் வந்தது. பாண்டாஸ் 2.0க்குள் அந்தப் பெயரில், முன்னால் ஒரு அடிக்கோட்டுடன், ஒரு மெத்தட் நிஜமாகவே இருக்கிறது, வெளியார் தொடக்கூடாத உள்வேலை மெத்தட். ஏஜெண்ட் அதைப் பிடித்துக்கொண்டால் புரோகிராம் ஓடும், டெஸ்ட் பாஸாகும். நாளைக்கே அதை எடுத்துவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. இத்தனைக்கும் ‘கான்கேட்’ என்ற ஒரு சொல் அந்த எரரில் எங்கேயும் இல்லை.

ஓபன்ஏஐ இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. 2023 நவம்பரில் தன் பைத்தான் லைப்ரரியின் 1.0 பதிப்பை விட்டபோது மாடலிடம் பதில் கேட்கும் பழைய ‘சாட் கம்ப்ளீஷன்’ அழைப்பு முறையை நிறுத்தியது. இன்றைக்கு யாராவது பழைய முறையில் அழைத்தால் எரரிலேயே முழு வழியும் வரும்: 1.0 முதல் இது கிடையாது, புது முறை ரீட்மீ குறிப்பில் இருக்கிறது, ‘மைக்ரேட்’ கமாண்டை ஓட்டினால் புரோகிராமைத் தானாக மாற்றித்தரும், வேண்டாமென்றால் 0.28 பதிப்பிலேயே இருந்துகொள்ளலாம். கடைசியில் சொன்ன வழி மட்டும் எனக்கு உறுத்தல். சீக்கிரம் வேலையை முடிக்கப் பார்க்கும் ஏஜெண்ட் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஆனாலும் ஏஜெண்ட் கட்டாயம் படிக்கும் டாக்குமெண்டேஷன் எரர் மெசேஜ்தான் என்பதால், மாற்று வழி இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

நாம் நம்பிக்கொண்டிருக்கும் மற்ற அறிவிப்புகள் பெரும்பாலும் ஏஜெண்ட் வரை போய்ச் சேர்வதே இல்லை. ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவமான ஓப்பன்ஏபிஐ ஸ்பெக்கில் (ஓபன்ஏஐ வேறு, இது வேறு) டெப்ரிகேட்டட் என்று குறிக்க இடம் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்பெக்கை, ஏஜெண்ட் அழைக்கக்கூடிய டூல்களின் பட்டியலாக மாற்றும்போது மாடலுக்குப் போவது பெயர், விளக்கம், பாராமீட்டர்கள். அந்தக் குறி வழியிலேயே உதிர்ந்துவிடும். சர்வரின் பதிலோடு தலைக்குறிப்பாக வரும் ஹெச்டிடிபி ஹெடரில் சொல்வதற்கும் ஏற்பாடு உண்டு: ‘சன்செட்’ ஹெடருக்கு 2019இல் ஆர்எஃப்சி 8594 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வந்தது, ‘டெப்ரிகேஷன்’ ஹெடருக்கு 2025இல் ஆர்எஃப்சி 9745. நல்ல விஷயம்தான். ஆனால் டூலை ஓட்டும் புரோகிராம் பெரும்பாலும் ரெஸ்பான்ஸின் உள்ளடக்கத்தை மட்டும் மாடலிடம் கொடுத்துவிட்டு ஹெடரைக் கடாசிவிடும்.

இன்னொரு கூத்து இருக்கிறது. பழைய டூலின் விளக்கம் வருடக்கணக்காகச் செதுக்கப்பட்டு உதாரணங்களோடு நீளமாக இருக்கும். புதியதில் ‘வாடிக்கையாளர் விவரம் தரும், வி2’ என்று ஒற்றை வரி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏஜெண்ட் எதை எடுக்கும்? நானாக இருந்தாலும் பழையதைத்தான் எடுப்பேன்.

‘பழைய டூலைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டால் தீர்ந்தது’ என்பார்கள். டூல் பட்டியல் முழுக்க உங்கள் கையில் இருந்தால் தாராளமாகத் தூக்குங்கள். ஆனால் புரோகிராம் எழுதும் ஏஜெண்டின் ஞாபகத்திலிருந்து தூக்க முடியாது. ஓபன்ஏஐ லைப்ரரியின் 0.28இல் ஓடும் ஒரு பழைய புராஜெக்டில் புது முறையை எழுதிவைத்தால் அதுவும் உடையும். அதனால் ‘பயன்படுத்தாதே’ என்ற மொட்டை வரி போதாது. எந்தப் பதிப்பிலிருந்து, எந்தத் தேதியில், அதற்குப் பதில் எது, எந்த ஃபீல்டு எங்கே போனது என்பதெல்லாம் வேண்டும். அசிஸ்டென்ட்ஸ் ஏபிஐயை 2026 ஆகஸ்ட் 26 அன்று மூடுவதாக ஓபன்ஏஐ ஒரு வருடம் முன்பே அறிவித்தபோது, த்ரெட் இனி கான்வர்சேஷன், ரன் இனி ரெஸ்பான்ஸ் என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டியது. அந்த மாதிரி.

டெஸ்ட் விஷயத்தில் நம் நிலைமை இன்னும் மோசம். வேலை முடிந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். பழைய டூல் உயிரோடு இருக்கும்வரை எல்லாம் பச்சை. மூடிய மறுநாள் மொத்தமாகச் சிவப்பு. ஏஜெண்ட் எந்த டூலைக் கூப்பிட்டது என்று பார்க்க வேண்டும். டெஸ்டிலேயே பழைய டூலை வேண்டுமென்றே சாகடித்து, எரரைப் படித்துவிட்டு ஏஜெண்ட் எங்கே திரும்புகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்களே இதில் அடிபட்டிருக்கிறார்கள். 16,464 நிஜ ஏபிஐகளைத் திரட்டி, மாடல்கள் டூல்களை எப்படிக் கையாள்கின்றன என்று சோதிக்க டூல்பென்ச் செய்தார்கள். நாளடைவில் அவற்றில் பல வேலை செய்யாமல் போக, ஒரே மாடலின் மதிப்பெண்ணே ஆட ஆரம்பித்தது. 2024இல் போலி ஏபிஐ சர்வர் ஒன்றை வைத்து ஸ்டேபிள்டூல்பென்ச் என்று மறுபடி கட்ட வேண்டிவந்தது.

பல டீம்களில் மூடப்போகும் ஏபிஐக்கு எழுதும் இந்த வேலை புதிதாகச் சேர்ந்த பையன் தலையில்தான் விழும். அந்த ஏபிஐ ஏன் அப்படி இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த ஏபிஐயை எழுதியவர் நோட்டீஸ் பீரியடில் இருந்தாலும் சரி, பிடித்து உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள்.