அரை மணி நேரப் பஞ்சாயத்து

புரோக்கன் ஹில்லுக்கு வாத்தியாராக வந்து மூன்று வருஷம். செம்மண் புழுதி பழகிவிட்டது. பேச வாய் திறந்தால் உள்ளே குடிபுகும் ஈ கூடப் பழகிவிட்டது. இந்த அரை மணி நேரம் மட்டும் உயிரை வாங்குகிறது.

ஊர் இருப்பது ஆஸ்திரேலியாவில், சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். கடிகாரம் ஓடுவதோ பக்கத்து மாநிலத்து அடிலெய்டு நேரத்தில், சிட்னிக்கு அரை மணி பின்னால். இது சிட்னி மேலிடத்தில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மூன்று மணிக்கு ஆன்லைன் மீட்டிங் என்று மெயில் வரும். யார் வீட்டு மூன்று மணி? நம் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால், அங்கே நன்றி சொல்லிக் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பார்கள். சரி, இரண்டரைக்கே போகலாம் என்றால் எதிரே முப்பது பிள்ளைகள், பலகையில் பின்னக் கணக்கு. "அரைன்னா எவ்வளவு சார்?" என்கிறான் ஒருவன். என்னையா கேட்கிறாய், ராசா?

அப்புறம் பயிற்சி வகுப்பு. "நேரில் வந்தால் நல்லது, மதிய உணவு உண்டு." ஆகா! ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போய் ஒரு காய்ந்த சாண்ட்விச். நான் போனால் வகுப்பை யார் பார்ப்பது? மாற்று ஆசிரியரா? அப்படி ஒரு ஜீவராசியை இந்த ஊரில் பார்த்து மாதக்கணக்காகிறது.

நேற்று மறுபடி மெயில்: "ஏன் தாமதம்?"