தெரிந்தே செய்வது கவனக்குறைவா?
‘கல்பபிள் ஹோமிசைடு’ (குற்றமாகக் கருதப்படும் மரணம் விளைவித்தல்) பற்றிய கட்டுரையில் ‘கல்பபிள் என்றால் கவனக்குறைவு, அவ்வளவுதான்’ என்று சொல்லியிருப்பது சரியில்லை. கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 304ஏ, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் பிரிவு 106. கல்பபிள் ஹோமிசைடு வேறு, அதே சம்ஹிதாவில் பிரிவு 100: கொல்லும் எண்ணமோ, உயிர் போகக்கூடிய காயம் ஏற்படுத்தும் எண்ணமோ வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போகலாம் என்று தெரிந்தாவது செய்திருக்க வேண்டும். அந்தத் ‘தெரிந்து’தான் முக்கியம். சில வருஷம் முன்பு தென்காசி பக்கம் கேரள எல்லையில் உள்ள எங்கள் புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிப்போன டாரஸ் லாரி மோதி என் சித்தப்பா இறந்துபோனார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று டிரைவர் காலையிலேயே சொல்லியிருக்கிறார். ‘லோடு இன்றைக்கே போயாகணும்’ என்று அனுப்பிவிட்டார் முதலாளி. ஓட்டியவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 304ஏ போட்ட எஃப்.ஐ.ஆரில் தெரிந்தே அனுப்பியவர் பெயரே இல்லை.