7,500 ரூபாய்க்கு வாங்கிய சிக்கு

"இந்த விலைக்கு வேற என்ன எதிர்பார்க்குற?" என்று இன்னும் ஒருவர் என்னிடம் கேட்டால் அந்த மீன்பிடி ரீலைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். போய் நீங்களே வீசிப் பாருங்கள் சாமி.

7,500 ரூபாய். விராலுக்குத் தவளை லூர், அதாவது தவளை வடிவப் பொய்யிரை, வீசவும், அப்படியே முட்டுக்காடு பக்கம் கொடுவாவுக்கும் ஆகட்டும் என்றும் வாங்கிய பெய்ட்காஸ்டிங் ரீல். இரண்டாயிரத்துக்கு ஒரு சாமானை வாங்கி அது பல்லைக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். முப்பதாயிரம் கொட்டி வாங்கியவன் குறை சொன்னால் கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்பார். நடுவில் மாட்டியவனுக்குத்தான் நாதியில்லை. கடையில் வாங்கும்போது "இது ப்ரீமியம் சார்". அது கெட்டுப்போய் எடுத்துக்கொண்டு போனால் "பட்ஜெட் ரீல்தானே சார்". காசு எண்ணி வாங்குவதற்கும் திரும்பக் கொண்டு போவதற்கும் நடுவில் எப்போது அது பட்ஜெட் ஆனது?

கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. ஏனென்றால் இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. அந்த விலையில் கண்ணாடி அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பலதும் இப்படித்தான்.

பெட்டியைப் பாருங்கள். கொட்டை எழுத்தில் 9+1 பேரிங். அதற்குக் கீழே 8 கிலோ டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்துப் பிடித்து விடுகிற இறுக்கம். 7.2:1 கியர், அதாவது ஹேண்டில் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.2 சுற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வது போல எல்லாமே கொஞ்சம் தூக்கலாக. சரி, அந்த ஒன்பது பேரிங்கும் எங்கேதான் இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்தேன். ஹேண்டில் குமிழ் இரண்டிலும் இரண்டிரண்டு. ஆக நான்கு அங்கேயே போச்சு. குமிழுக்குள் பேரிங் இருந்தால் கடையில் கையில் வாங்கிச் சுற்றிப் பார்ப்பவனுக்கு வெண்ணெயில் சுற்றுகிற சுகம் கிடைக்கும். லூர் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த +1 என்பது ஹேண்டில் பின்பக்கம் சுற்றாமல் தடுக்கிற ஒருவழி உருளை. வீசும்போது அதற்கும் வேலை இல்லை.

வீசும்போது உழைப்பது ஸ்பூலை, அதாவது தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிற உருளையை, தாங்குகிற பேரிங்குகள் மட்டும்தான். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சும்மா நிற்கும், நரம்பு வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். இங்கே ஸ்பூலே சுழன்றுதான் நரம்பை விட வேண்டும். அப்படியானால் காசை எங்கே கொட்டியிருக்க வேண்டும்? ஸ்பூலின் இரண்டு முனையிலும். என் ரீலில் மொத்தத்திலும் மட்டமாக இருந்தது அந்த இரண்டு பேரிங்தான். எண்ணிக்கைக்கு ஒன்பது வேண்டும், அதனால் தேவையில்லாத இடத்தில் நான்கைச் சொருகி, தேவையான இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் எஞ்சினியரிங் இல்லை, பெட்டி அச்சடிப்பது.

அடுத்து பிரேக். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பெய்ட்காஸ்டரின் உயிரே பிரேக்தான். ராடை வீசிய கணத்தில் ஸ்பூல் ஒரே பாய்ச்சலில் வேகமெடுக்கும். லூர் பறக்கப் பறக்கக் காற்றில் தன் வேகத்தை இழக்கும். ஆனால் அது ஸ்பூலுக்குத் தெரியாது, சுற்றிக்கொண்டே நரம்பைத் தள்ளும். வெளியே போக வழியில்லாத நரம்பு ஸ்பூலுக்குள்ளேயே பொங்கிச் சிக்காகும். பேக்லாஷ். இதைத் தடுக்கத்தான் காந்த பிரேக். அலுமினிய ஸ்பூல் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தத்துக்கு அருகே வேகமாகச் சுழலும்போது அந்த உலோகத்துக்குள் மின்சுழல் உண்டாகி, அதுவே சுழற்சியைப் பிடித்து இழுக்கும். வேகம் கூடினால் இழுப்பும் கூடும். உரசுவது எதுவுமில்லை, தேய்வது எதுவுமில்லை. அருமையான ஏற்பாடு, கண்டுபிடித்தவன் கையைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஆனால் டயலைத் திருப்பினால் காந்தம் ஸ்பூலை எவ்வளவு நெருங்குகிறது, எவ்வளவு விலகுகிறது என்பதில் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. கொஞ்சம் விலகினாலே காந்தத்தின் பிடி மளமளவென்று விழுந்துவிடும். அதனால் டயலின் ஒவ்வொரு படிக்கும் அளந்து அளந்து அமைக்க வேண்டும். இதில் யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. டயலில் 1 முதல் 10 வரை எண் போட்டிருக்கிறார்கள். 1 முதல் 5 வரை ஒரே மாதிரி, பிரேக் இருப்பதே தெரியாது. 6 வைத்தால் லூர் இருபதடி தள்ளித் தொப்பென்று விழுகிறது. அதற்குமேல் 10 வரை அதே தொப். பத்து எண் என்பதெல்லாம் சும்மா, அது ஒரு சுவிட்ச்.

ஸ்பூலின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நரம்பு நிறையக் கொள்ளும் என்று காட்டுவதற்காக ஆழமான, தடித்த ஸ்பூல். ஏரியில் யார் ஐம்பது மீட்டருக்கு மேல் வீசப் போகிறார்கள்? கனமான ஸ்பூலை உருட்டிவிட லூருக்கும் கனம் வேண்டும். அதனால் 5, 6 கிராம் லூரை இந்த ரீலில் கட்டினால் அது ஸ்பூலோடு மல்லுக்கட்டியே செத்துப்போகிறது. விலை கூடிய ரீல்களில் ஸ்பூலை இழைத்து இழைத்து மெலிதாக்கியிருப்பது அழகுக்காக அல்ல. பெட்டியில் "5 முதல் 20 கிராம் வரை" என்று ஏன் போட்டார்கள் என்று யாராவது விளக்கினால் தேவலை.

இதையெல்லாம் சொன்னால் உடனே வருவார்கள், கட்டைவிரல் ஞானிகள். "ப்ரோ, தப்பு ரீல்ல இல்ல, உங்க தம்ப் கண்ட்ரோல்ல இருக்கு." ஐயா, ஸ்பூல் மேல் கட்டைவிரலை வைத்து அடக்கத் தெரியாமல் ஒருவன் இத்தனை வருஷம் பெய்ட்காஸ்டர் பிடித்திருக்க முடியாது. என் பழைய ரீலில் இதே கட்டைவிரல், இதே ராட், இதே லூர் ஒழுங்காகத்தான் போகிறது. அது வட்ட வடிவ ரீல், பெயிண்ட் உதிர்ந்து கிடக்கிறது, பெட்டி எப்போதோ தொலைந்துபோனது. பிரேக்கை விரல் சமாளிக்கும் என்றால் பிரேக்குக்கு எதற்குக் காசு வாங்குகிறீர்கள்? டயலையே எடுத்துவிட்டு ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுங்களேன்.

வீடியோ விமர்சகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியை அன்றைக்குத்தான் பிரிக்கிறார்கள். காற்றில்லாத காலையில் ஒரு மைதானம், நுனியில் 20 கிராம் ஈயம். "செம ஸ்மூத் மக்களே!" 20 கிராம் ஈயத்தைக் கையால் எறிந்தாலே அந்தத் தூரம் போகும். நான் மீன் பிடிக்கிற இடத்தில் மைதானம் கிடையாது. கோவளம் முகத்துவாரத்தில் பகல் ஏறினால் கடல்காற்று எழும்பிவிடும், கிழக்கே பார்த்து வீசினால் அது நேரே முகத்தில்தான் அடிக்கும். எதிர்காற்றில் பறக்கிற லூர் சட்டென்று நின்றுபோகும், ஸ்பூல் நிற்காது. ரீலின் பிரேக் நல்லதா கெட்டதா என்று சொல்ல அந்த ஒரு வீச்சு போதும்.

அப்படி ஒரு நாள் பாறைமேல் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் தங்கூசியைச் சுற்றி வைத்துக்கொண்டு உயிர் இறால் கோத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "என்னா தம்பி, ரிப்பேரா?" என்றார். "இல்லண்ணே, சிக்கு" என்றேன். "அத்த அறுத்துக் கடாசிட்டு வேற மாத்து தம்பி." அண்ணனுக்கு பிரெய்டு, அதாவது இழை பின்னிய நரம்பு, என்ன விலை என்று தெரியாது. 30 பவுண்டு பிரெய்டைச் சிக்கு விழும்போதெல்லாம் அறுத்துக் கடாசினால் ரீல் காசுக்கு மேல் நரம்புக் காசு ஆகிவிடும். அவர் அன்றைக்கு நடுத்தரமாக ஒரு கொடுவா தூக்கினார் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நியாயமாகப் பேசுவதென்றால் ஒரு இடத்தில் இந்த ரீல் நன்றாகவே உழைத்தது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில், ஆகாயத்தாமரை மேல் 12, 15 கிராம் தவளையைக் காற்றடிக்காத காலையில் வீசும்போது. விரால் அடித்ததும் இலை, கொடியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வரும் வலு இருந்தது. தடித்த பிரெய்டைப் போட்டு முரட்டுத்தனமாக இழுக்கிற வேலைக்கு ஸ்பின்னிங் ரீல் இதன் பக்கத்தில் நிற்காது. அதற்கு மட்டும் ஒரு சபாஷ். ஆனால் அந்த ஒரு வேலைக்கு நாலாயிரம் ரூபாய் ரீலும் போதும்.

அந்த 8 கிலோ டிராக் கதைக்கு வருவோம். 30 பவுண்டு நரம்பு என்றால் பதின்மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக்கை இறுக்காதே என்பது பரவலாகச் சொல்கிற கணக்கு. அதாவது நாலரை கிலோ. அதற்குமேல் எந்த எண்ணைப் பெட்டியில் போட்டாலும் எனக்கு உபயோகமில்லை. எனக்குத் தேவை அந்த நாலரை கிலோவுக்குள் டிராக் வழுக்கிக்கொண்டு விட வேண்டும் என்பது. கொடுவா மாட்டினால் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அந்த நொடியில் டிராக் முரண்டு பிடித்தால் முள் பிய்த்துக்கொண்டு வரும். என் ரீல் முரண்டு பிடிக்கிறது. முதலில் விடாது, பிறகு சடாரென்று விடும், மறுபடி பிடிக்கும். போன மீனின் அளவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

இடக்கை, வலக்கை கூத்து வேறு. ஸ்பின்னிங் ரீலில் ஹேண்டிலைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் அது முடியாது. இடப்பக்க ஹேண்டில் என்று தெளிவாக எழுதி ஆர்டர் போட்டேன், வலப்பக்கம் வந்தது. கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார், பழகிடும்". ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டாகச் செய்கிறார்கள்?

உப்புத்தண்ணீர் விஷயம் இதற்கெல்லாம் அப்பன். பெட்டியின் வெளியே "உப்புத்தண்ணீருக்கு ஏற்றது". உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், துருவுக்கு வாரண்டி பொருந்தாது. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் லேசாக அலம்பி, துடைத்து, எண்ணெய் விட்டுத்தான் வைத்தேன். இருந்தும் சில மாதத்தில் ஸ்பூல் பேரிங் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. நரம்பை இடமும் வலமுமாகப் பரத்திவிடுகிற அந்த திருகுத் தண்டு இருக்கிறதே, அதில் மணலும் உப்பும் சேர்ந்து, அதற்குள் ஓடுகிற சின்ன நாக்குத் துண்டு தேய்ந்து, இப்போது நரம்பெல்லாம் ஒரு பக்கமாகவே ஏறுகிறது. சுண்டுவிரல் நகத்தளவு துண்டு. அது இல்லாமல் மொத்த ரீலும் தண்டம்.

இந்த ரீல்களின் பூர்வீகத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது. பல்சக்கரம் வைத்து வேகமாகச் சுற்றும் ரீலை அமெரிக்காவின் கென்டக்கியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்கிறவர். ஸ்வீடனில் 1921இல் தொடங்கிய ஆபு கம்பெனி ரீலுக்கு வருவதற்கு முன் டாக்சி மீட்டர் செய்துகொண்டிருந்தது. நுணுக்க வேலை தெரிந்த கைகள். ஆபுவின் அம்பாசடர் 5000 வந்தது 1950களில். அதில் தேய்ந்த பாகத்தை மாற்றி இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என்னுடையது போன வருஷத்து மாடல். அந்த நாக்குத் துண்டு கிடைக்கவில்லை.

பேரிங்கை நானே சமாளித்தேன். 3க்கு 10க்கு 4 மில்லிமீட்டர், பல ரீல்களிலும் இருக்கிற அளவுதான். சென்னை பிராட்வே பக்கம் அலைந்து இரண்டு வாங்கிப் போட்டேன். என்ன ஆச்சரியம், வீச்சு உடனே மாறியது! கம்பெனிக்காரன் மொத்தமாக வாங்கினால் எனக்கு ஆனதைவிடக் குறைவாகத்தானே ஆகியிருக்கும்? செய்யவில்லை. பெட்டியில் அதை எழுத இடமில்லை அல்லவா.

இந்த விலையில் எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: ஏரி, விரால், தவளை மட்டும் என்றால் இதைவிடக் குறைந்த விலையில் வாங்குங்கள். கழிமுகம், சின்ன லூர், காற்று என்றால் இதே காசுக்கு நல்ல ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். பெய்ட்காஸ்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்பேர் இருக்கிறதா, இருந்தால் எடுத்து மேஜைமேல் வையுங்கள். பேரிங் எத்தனை என்று கேட்கவே கேட்காதீர்கள்.

நான் அந்த நாக்குத் துண்டுக்காக விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு பதில் வந்தது. "சார், ஸ்பேர்லாம் தனியா வராது சார். ஆனா புது மாடல் வந்திருக்கு, உங்களுக்காக ஸ்பெஷல் ரேட் பண்ணித் தரேன். இதுல 12+1 சார்."