ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக் அல்ல

"ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்குறாங்க, தண்ணியில மிதக்குது பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோ தவறு. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி, மறுபடி அரிசி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 100 கிலோ சாதா அரிசிக்கு இது சுமார் 1 கிலோதான். மாவில் செய்ததால் நிறம் கொஞ்சம் மாறும், சில மணிகள் மிதக்கும். வேகவைத்தால் சோறுதான்.

பயந்துபோய் அந்த மணிகளைப் பொறுக்கி எறிகிறார்களே, அதுதான் மனசு கேட்கவில்லை. சேர்த்த சத்து முழுக்க அதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அரிசி களையும்போது மிதப்பதை வடித்துவிடாதீர்கள்.