கதவு திறந்துதான் கிடக்கிறது

இயக்குநர் லூயிஸ் புனுவலின் 'தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்' (1962) படத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். சர்ரியலிசம், அதாவது கனவுபோலத் தர்க்கத்தை மீறிக் காட்டும் கலைப்பாணி, என்று சொன்னதும் பலரும் படத்தில் வரும் கரடிக்கு என்ன அர்த்தம், ஆட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேயே படம் கைநழுவிப் போகிறது என்பது என் எண்ணம்.

கதை சின்னதுதான். ஆப்பரா முடிந்து பணக்காரர்கள் சிலர் ஒரு மாளிகைக்கு விருந்துக்கு வருகிறார்கள். அப்புறம் யாருமே கிளம்புவதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது, ஆனால் அந்த அறையைத் தாண்ட ஒருவராலும் முடியவில்லை. நாட்கள் ஓடுகின்றன. சுவரை இடித்து, குழாயை உடைத்துத் தண்ணீர் குடிக்கிறார்கள். வழிதவறி வந்த ஆட்டை அடித்துத் தின்கிறார்கள்.

என்னை உலுக்குவது அந்த முதல் ராத்திரிதான். விருந்தாளிகள் கோட்டைக் கழற்றிவிட்டு அங்கேயே படுக்கத் தயாராகிறார்கள். வீட்டுக்காரருக்கு அது அநாகரிகமாகப் படுகிறது. ஆனாலும் அவர்கள் கூச்சப்படக் கூடாதே என்று தானும் கோட்டைக் கழற்றுகிறார். 'நேரமாச்சு, கிளம்புங்கள்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர்களைப் பூட்டி வைத்திருப்பது அந்த மரியாதைதான். வேலைக்காரர்கள் எல்லோரும் ஏதேதோ சாக்குச் சொல்லி முன்பே வெளியேறிவிட்டார்கள். ஒரே ஒரு பட்லர் மட்டும் தங்குகிறார், அவரும் மாட்டிக்கொள்கிறார்.

பத்து வருடம் கழித்து வந்த புனுவலின் 'தி டிஸ்கிரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாசி'யில் நிலைமை தலைகீழ். அங்கே ஆறு பேர் கடைசிவரை நிம்மதியாக ஒருவேளை சாப்பாட்டை முடிக்க முடியாமல் அலைகிறார்கள். அதில் கார் டிரைவரை உள்ளே கூப்பிட்டு ஒரு மார்ட்டினி கொடுக்கிறார்கள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போகிறார். போனதும், மார்ட்டினியை எப்படிக் குடிக்கக் கூடாது என்பதற்கு அவர்தான் உதாரணம் என்கிறார்கள். யாரும் குரலை உயர்த்துவதில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது வரும் படங்களில் பணக்காரர்களை ரத்தம் தெறிக்கப் பழிவாங்குகிறார்கள். பார்க்கும்போது ஆறுதலாகத்தான் இருக்கிறது, மறுநாள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. புனுவல் யாரையும் அரக்கனாக்கவில்லை. ஸ்பெயினில் வசதியான நிலக்கிழார் வீட்டில் 1900-இல் பிறந்தவர் அவர். அந்தச் சாப்பாட்டு மேஜையின் ஒழுங்குகளை உள்ளிருந்தே பார்த்தவர். அதனால்தான் கோட்டைக் கழற்றுவதில்கூட அவரால் இத்தனை காட்ட முடிகிறது.

சரி, அறையிலிருந்து தப்பியவர்கள் நன்றி சொல்ல தேவாலயத்துக்குப் போகிறார்கள். பூசை முடிகிறது. பாதிரியார்களாலும் வெளியே வர முடியவில்லை. தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஒரு மந்தை ஆடு வரிசையாகத் தேவாலயத்துக்குள் நுழைகிறது.