வலிப்பு நோய் இருப்பதை யாரிடம் சொல்வது?

எனக்கு வலிப்பு நோய் இருப்பதை நரம்பியல் மருத்துவர் அண்மையில் உறுதிசெய்தார். அதன் பிறகு வீட்டில் சிகிச்சையைப் பற்றிப் பேசியதைவிட, யாருக்கெல்லாம் தெரியக்கூடாது என்று பேசியதுதான் அதிகம். "வெளியில் மூச்சு விடாதே, நாளைக்கு வரன் பார்க்க வேண்டும்" என்று சொன்ன அம்மா, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பட்டு நடக்க எனக்குச் சம்மதமில்லை.

வலிப்புக்கான மருந்தை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். தவறவிடுவது வலிப்பு மீண்டும் வருவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்று இரவு மாத்திரையைத் தள்ளிப்போடுபவர், எதை மறைக்க நினைக்கிறாரோ அதையே வரவழைத்துக்கொள்கிறார். முறையாகச் சிகிச்சை கிடைத்தால் நூற்றில் எழுபது பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வாய்ப்பை ஊர்ப்பேச்சுக்குப் பயந்து இழப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்பதல்ல என் கருத்து. வலிப்பு வரும் நேரத்தில் யார் நம் அருகில் இருப்பார்களோ, அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். நெருங்கிய உறவினர் என்பதற்காகவே ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் அக்காவிடம் முதலில் சொன்னேன். நான் விழுந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், அருகிலுள்ள நாற்காலியை நகர்த்த வேண்டும், தலைக்கடியில் துப்பட்டாவை மடித்து வைத்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கைகால்களை அழுத்திப் பிடிக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர் தரக்கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று விளக்கினேன். "சாவிக்கொத்தைக் கையில் கொடுக்க வேண்டாமா?" என்று அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அந்நேரத்தில் கையில் இரும்பு இருந்தால் இரும்புதான் நிறுத்தியது என்று தோன்றும். இதைச் சொன்னதும் அவர் புரிந்துகொண்டு, என் தம்பியின் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டார். மேலாளரிடம் இரண்டு வரிகளில் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

திருமணத்தில்தான் அம்மாவும் நானும் முரண்படுகிறோம். அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்துக்குத் தடை என்று இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்த வாசகத்தை 1999ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது. சட்டமே தடையாகக் கருதாத ஒன்றைக் குற்றம்போல் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் நானே சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

இது வெறும் நேர்மை சார்ந்த முடிவும் அல்ல. சோடியம் வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை என்பதால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டி வரலாம்; அதே வேளையில் பயந்துபோய் நாமாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானது. அப்படி ஒரு முடிவை எடுக்கும் நாளில், எனக்கு என்ன நோய் என்றே அறியாத கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, மருத்துவரின் அறைக்குள் நான் தனியாகப் போக விரும்பவில்லை.